உப்பளத்துப் பங்குதாரனுக்கு ஒரு பக்கம்

அன்புள்ள யூசுப் மச்சான்,

நான் ஓர் இணையதளம் செய்து முடித்துவிட்டேன். சிரிக்காதே.

நீ போன பிறகு நடந்தது இது. உப்பு வாங்கி விற்கும் ஒரு கம்பெனி, தன் தளத்தில் உன் படத்தைப் போட்டிருக்கிறது. நம் பாத்தியில் வாரும் பலகையோடு நிற்கிறாய். கீழே ‘எங்கள் தொழிலாளி’ என்று எழுதியிருக்கிறார்கள். நீயும் நானும் பாதிப் பாதியாகக் குத்தகை எடுத்து ஓட்டிய உப்பளம் அது. போன் போட்டுக் கேட்டேன். “பெரியவரே, அது சும்மா அழகுக்குப் போட்டது, விடுங்க” என்றான் ஒருவன். எப்படி விடுவது?

சொல்லித்தர யாரும் வேண்டாம் என்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு வீடியோ பார்த்தே கற்றேன். ஒரு தலைப்பு, நாலு வரி, உன் படம். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு மூடும் குறியைப் போட மறந்ததில், பக்கம் முழுக்கத் தடித்துப் போனது.

வெறும் திரையைத் திறந்தால் உப்புப் பூத்த பாத்தி மாதிரியே இருக்கும். மதியத்தில் கண் சொக்கும்போது அதன் ஓரமாக நீ நடந்து போவாய். அங்கேயும் இப்படித்தான் வெயிலா?

முடிந்ததும், திரையின் மேலே தெரிந்த விலாசத்தை உன் மனைவி நூர்ஜஹானுக்கு அனுப்பினேன். கூனிமேட்டிலிருந்து உடனே போன் வந்தது.

“அண்ணே, ஒண்ணும் தெறக்கலியே. எங்க வெச்சிருக்கீங்க?”

“என் கம்ப்யூட்டர்லதான்.”

“நல்லாருக்குது போங்க. உப்ப வாரி வரப்புலயே குமிச்சு வெச்சிட்டு, ஊரு வந்து வாங்கலன்னா எப்படி? லாரில ஏத்துங்கண்ணே.”

வெளியே, இணையத்தில் ஓர் இடமும் அதற்கு ஒரு பெயரும் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. எடுத்தேன். நேற்று உன் வீட்டுக்கே போனேன். அவள் போனில் பக்கம் திறந்தது. படத்துக்குக் கீழே, ‘யூசுப், இந்த உப்பளத்தின் பங்குதாரர்.’

வெகுநேரம் பார்த்தாள்.

“பேருக்கு முன்னாடி மர்ஹூம்னு போடணும்ணே. மௌத்தாகிப் போய்ச் சேந்தவங்களுக்கு அப்படித்தான் போடுவாங்க.”

“போட மாட்டேன்.”

“அது மொறைண்ணே.”

“அந்தப் படத்துல அவன் நின்னுட்டுதாம்மா இருக்கான்.”

அவள் படத்தைப் பெரிதாக்கி, உன் முகத்தை மட்டும் திரையில் வைத்துக்கொண்டாள்.

கம்பெனிக்காரன் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவனை நான் விடப்போவதில்லை. வருஷா வருஷம் நம் தளத்தின் பெயருக்கு வாடகை கட்டுவேன். முறையோ தவறோ, உன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை எழுதுவது என் கையாக இருக்காது, மச்சான்.

நூர்ஜஹானுக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
கோவிந்தன்