மழை விழாத முகம்

2025 பெப்ரவரி 3

ஆட்டோவுக்கு டயர் மாற்றினேன். மாலையில் மகன் நிரஞ்சன் வீடியோவில் வந்தான். மெல்பேர்னுக்குப் படிக்கப் போனவன். வழக்கம்போல் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே போனை மேலே திருப்பி, கூரைக்குப் பதிலாகக் கட்டியிருக்கும் அவன் படம் போட்ட பேனரைக் காட்டினேன். "பாருடா, இன்னமும் நீதான் எங்களுக்குக் குடை."

ஏழு வருஷத்துக்கு முன் உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்தபோது ராகலைச் சந்தியில் தொங்கிய பேனர். காற்று தகரத்தைக் கொண்டுபோன பிறகு இங்கே வந்தது. படம் உள்பக்கமாக இருக்கட்டும் என்றாள் மனைவி ஜீவராணி. புள்ள மொகத்துல மழ விழக்கூடாதாம்.

அவன் சிரிக்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

பெப்ரவரி 19

பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார். ஐம்பதாவது ஆண்டு விழாவாம். "மொதலாவதா வந்த புள்ளைங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க, என்ன செய்றாங்கன்னு விசாரிச்சு சொல்லுங்க. நீங்கதானே எல்லாத் தோட்டத்துக்கும் ஆட்டோவுல ஹயர் போறீங்க."

சாதாரணதரப் பரீட்சையில் கணக்கு இரண்டு முறை என்னைக் கைவிட்டது. இப்போது கெட்டிக்காரர்களைக் கணக்கெடுக்க நான். பெருமையாகத்தான் இருந்தது.

"உங்க நிரஞ்சன்?"

"அவனுக்கென்ன சேர், அங்க இன்ஜினியர்."

படித்து முடித்தானா என்று நான் கேட்டதே இல்லையே?

மார்ச் 2

உடப்புசல்லாவைப் பக்கம் நான்கு வீடு. ஒரு பையன் கொழும்பில் பேங்கில். ஒருவன் ருமேனியாவில், அங்கே என்ன வேலை என்று கேட்டால் அவன் அப்பா தொண்டையைச் செருமுகிறார். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள்.

பேனர்களும் எல்லா வீட்டிலும் இருந்தன. ஒன்று விறகுக்கு மேல். ஒன்று ஆட்டுக் கொட்டகையில் — வாய் இருந்த இடத்தை ஆடு தின்றிருந்தது. கண்கள் மிச்சம்.

திரும்பி வரும்போது கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆள் இல்லை, தெரியும். ஆனாலும்.

மார்ச் 9

நிரஞ்சன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 23

இன்னும் எடுக்கவில்லை. "மெசெஞ்சர்ல பச்ச எரியுதுங்க, இருக்கான்," என்கிறாள் ஜீவராணி. அந்தப் பச்சைப் புள்ளியைத்தான் இப்போது வளர்க்கிறோம்.

சாப்பிடும்போது மேலிருந்து பார்க்கிறான். இடம் மாறி உட்கார்ந்தேன். அங்கேயும் பார்க்கிறான்.

ஏப்ரல் 6

தோட்டத்து மேல் டிவிசனில் அழகம்மா வீடு. அவள் மகள் கிருஷாந்தி உயிரியலில் முதலாவதாக வந்தவள். டோஹாவில் ஒரு கடையில் பில் போடுகிறாள். அழகம்மா எதையும் மறைக்கவில்லை. அந்த வீட்டில் மட்டும் பேனரைக் காணோம்.

"கழட்டிட்டேண்ணே. பேசுறப்ப போன்ல பின்னாடி தெரிஞ்சிச்சாம். 'அந்தப் புள்ள நான் இல்லம்மா, அவள எறக்கு, அப்பதான் பேசுவேன்'னு அழுதுச்சு."

கையில் டீ ஆறிப்போனது.

நான் எத்தனை தடவை போனை மேலே திருப்பியிருப்பேன்? சிரிப்புக் காட்டுறேன்னு — சீ. என்ன அப்பன்டா நீ.

ஏப்ரல் 7

ஏணி வைத்து ஏறினேன். ஜீவராணி கீழே நின்று, "திருப்பிக் கட்டுனா மொகத்துல மழ விழுமேங்க," என்றாள்.

"அங்க மட்டும் நனையாமயா இருக்கான்?"

கிட்டே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இப்போது வெறும் வெள்ளை. படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். எழுத ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 20

அதிபரிடம் எல்லார் விவரமும் சொன்னேன். "நிரஞ்சன் இன்ஜினியர்னு போட்டுடலாம்தானே?"

"எனக்குத் தெரியாது சேர். அவன விட்டுடுங்க."

மே 4

காலையில் நிரஞ்சன் கூப்பிட்டான். அவனேதான்.

"மேல யாருப்பா இருக்காங்க?"

"யாருமில்ல."

"படிப்ப விட்டு ரெண்டு வருஷமாச்சுப்பா. கோழி வெட்டுற கம்பெனியில நிக்கிறேன்."

"அப்ப கோழிக்கறி சும்மாவா?"

சிரித்தானா, அழுதானா? ஜீவராணி போனைப் பிடுங்கி, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

வெயில் ஏறும்போது அந்த வெள்ளையில் அவன் முகம் மங்கலாகத் தெரிகிறது, வலது இடதாக மாறி. அதை அவனிடம் சொல்லவில்லை.