உங்களுக்காக நான் அழுத்திய பட்டன்

அண்ணை,

இன்று காலை ஆல்பனி அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டியதும் உங்கள் செருமல் கேட்டது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஒலியைக் கூட்டினேன்.

எங்கள் இணையக் கடையைப் பரிசோதிக்க வெளியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். பார்வையற்றவர் வாங்க முடியாத கடை என்றால் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் பழைய சோதனைப் பதிவுகளைக் கேட்டார். முதல் பதிவே உங்களுடையது.

கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் குரலை அவ்வளவு வேகத்தில் கேட்டுக் கணினியை ஓட்ட உங்களால்தான் முடியும். மவுண்ட் வெல்லிங்டன் கால் சென்டரில் நாலு வருஷம் உங்கள் பக்கத்து மேசையில் இருந்தவளுக்குத் தெரியாதா? இந்த வேலைக்கு மாறிய பிறகு, அந்தப் பெருமையில்தான் உங்களைச் சோதனைக்குக் கூட்டிவந்தேன்.

அரிசி, பருப்பு, சவர்க்காரம் எல்லாவற்றையும் கூடைக்குள் போட்டுவிட்டீர்கள். கடைசிப் பக்கத்தில் குரல் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன பட்டன் எண்டு சொல்லுதில்லையே, பிள்ளை."

நீங்கள் தடுமாறுவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. "விடுங்கோ அண்ணை, நான் அமத்துறன்." பதிவில் என் மௌஸின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. உங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் கறி போட்டுவிடுகிற மாதிரித்தான் செய்தேன். ஆனால் அறிக்கையில், 'தானே வாங்கி முடித்தார்' என்று எழுதினேன். ஆஸ்திரேலியாவில் விற்கத் தொடங்கும் நாள் நெருங்கியிருந்தது; குறை எழுதினால் அது தள்ளிப்போயிருக்கும்.

ஒரு கிழமை கழித்துக் கிளென் ஈடன் வீட்டிலிருந்து போன் எடுத்தீர்கள். "நீ பக்கத்தில இருந்தா எல்லாம் வேலை செய்யும், பிள்ளை," என்று சிரித்தீர்கள். வீட்டில் அந்தப் பட்டனோடு நின்றுவிட்டீர்கள் என்று எனக்கு விளங்கியது. விளங்காதவள் மாதிரி நானும் சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

உங்கள் செத்தவீட்டில், உங்களைக் கட்டிய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வேற கடையில வாங்கச் சொன்னாக் கேக்க மாட்டார். பிள்ளையின்ர கடை எண்டுவார். எல்லாத்தையும் தானே போட்டு வைச்சிட்டு, அந்தக் கடைசிப் பட்டனுக்கு மட்டும் நான் வேலையால வருமட்டும் இருப்பார்."

அக்கா குத்திக்காட்டவில்லை. உங்கள் பிடிவாதத்தைச் செல்லமாகச் சொன்னார். நான் கையை விடுவித்துக்கொண்டு தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

இன்று பதிவு முடிந்ததும், கடைசிப் பட்டனை அழுத்தியது யார் என்று வந்தவர் கேட்டார். "நான்தான்" என்றேன். அறிக்கை பொய் என்றும் சொன்னேன். மேலாளரின் முகம் கறுத்துவிட்டது. என்னைப் பற்றி நாளைக்குக் கதைப்பார்களாம். கதைக்கட்டும்.

பிறகு கணினிக்கு முன்னால் இருந்து, குரல் வாசிப்பதற்கு அந்தப் பட்டனுக்கு ஒரு பெயர் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். ஓர்டரை அனுப்பும் பட்டன் என்று குரல் தெளிவாகச் சொல்கிறது. பத்து நிமிஷ வேலை, அண்ணை. அக்கா வரும்வரை நீங்கள் அந்தத் திரைக்கு முன்னால் எத்தனை பின்னேரம் இருந்தீர்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.