ரோஸ் அட்டை

சிதம்பரம்
12.8.2025

திரு. பாலகுமார் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து கடிதம் வந்ததும் பயந்துவிடாதீர்கள். நீங்கள் திருப்பித் தரவேண்டிய நூல் எதுவும் இல்லை. எனக்குக் குடைச்சலே அதனால்தான்.

நான் இங்கே உதவி நூலகர். எங்கள் நூலகம் எல்லா ஊர், எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஏதோ நாலைந்து சதவீதக் கணக்கைப் போட்டு முடித்துவிடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய உறுப்பினர் பேரேடுகளைத் தூசு தட்டிப் புரட்டினேன். அதில் நீங்கள் அகப்பட்டீர்கள். 2001-இல் வேதியியலில் சேர்ந்திருக்கிறீர்கள். புகைப்படம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு நூலக அட்டை வாங்கியிருக்கிறீர்கள். மூன்று வருடத்தில் ஒரு நூல்கூட எடுக்கவில்லை.

இப்படி நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் எழுதுகிறேன். முதலில் அனுப்பியவற்றில் பாதி, ஆள் இல்லை என்று திரும்பிவிட்டன. பதில் போட்ட மூவரும் ‘நேரமில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். போனில் கேட்டால் “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று வைத்துவிடுகிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள். அட்டை வாங்கிய ஒருவர் ஏன் ஒரு நூல்கூட எடுக்கவில்லை?

பதிலை எதிர்பார்க்கும்,
கார்த்யாயினி

---

செம்மங்குப்பம், கடலூர்
21.8.2025

மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தபால்காரர் உறையில் பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்துவிட்டு “இன்னா சார், மறுபடியும் படிக்கப் போறீங்களா?” என்று கேட்டார். இருபத்து நாலு வருடம் கழித்து என்னைத் தேடியதற்கு நன்றி. நான் இங்கே ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நேரமில்லை என்று நானும் எழுதியிருப்பேன். ஆனால் அது பொய்.

நான் தினமும் வந்தேன் மேடம். நாலு மணிக்கு வகுப்பு விட்டால் ஏழரை வரைக்கும் உங்கள் வாசிப்பு அறையில்தான் இருப்பேன், மூன்றாவது வரிசையில், மின்விசிறி ஓடாத மேசையில். உங்கள் பேரேட்டுக்கு, வெளியே எடுத்துப் போகிறவன்தான் ஆள் போலிருக்கிறது.

ஏன் எடுக்கவில்லை என்பது வேறு கதை. அதை எழுதினால் உங்கள் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள் என்று தெரியவில்லை.

பதில் எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மகள் சத்யப்பிரியா இந்த வருடம் அங்கேதான் சேர்ந்திருக்கிறாள். அவளும் வேதியியல், அவளும் விடுதி. வீட்டில் பலசரக்குக் கட்டி வரும் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற பெண். அவள் நூலகத்துப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் எனக்குக் கவலை.

இப்படிக்கு,
பாலகுமார்

---

சிதம்பரம்
28.8.2025

அன்புள்ள பாலகுமார் சார்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தினமும் வருவாராம், ஒன்றும் எடுக்கமாட்டாராம்! தொலைந்துபோகும் என்று பயமா? விடுதியில் வைக்க இடமில்லையா? யாராவது திட்டினார்களா? வீட்டில் என்னை ‘ஏன் கார்த்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதில் கிடைக்கும் வரை விடமாட்டேன்.

அதே வருடங்களில் நானும் அங்கே படித்தேன். வரலாறு. வீடு கீழ வீதியில், நடந்தே வந்துவிடுவேன். என் வெள்ளை அட்டை நிரம்பி நிரம்பி, படிப்பு முடிவதற்குள் நாலாவது அட்டை வாங்கினேன். மூன்றாவது வரிசை என்கிறீர்கள். நான் ஜன்னல் ஓரம். ஒருவரையொருவர் பார்த்திருக்கவேண்டும். எனக்கு நினைவில்லை, மன்னியுங்கள்.

உங்கள் அட்டை இன்னும் இருந்தால் அனுப்புவீர்களா? பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன். எழுதப்போவதை எந்தக் கட்டத்திலும் போடமாட்டேன். சத்யப்பிரியாவிடமும் காரணம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆவலுடன்,
கார்த்யாயினி

---

செம்மங்குப்பம்
8.9.2025

மேடம்,

வெள்ளையா? உங்களுக்கு வெள்ளை. எனக்கு ரோஸ்.

அட்டை என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். என்னவென்று மட்டும் சொல்கிறேன். காப்புத்தொகை கட்டிச் சேர்ந்தவர்களுக்கு வெள்ளை. அரசு நல விடுதியில் தங்கி உதவித்தொகையில் படிக்கிறவர்களுக்குத் தொகை விலக்கு, அவர்களுக்கு ரோஸ். பிரித்துப் பார்க்க வசதி என்று யாரோ நல்ல மனசோடுதான் செய்திருப்பார்கள்.

சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு நூலை எடுத்துக்கொண்டு கவுன்ட்டரில் நின்றேன். பௌதிக வேதியியல், தடித்த பச்சை அட்டை. எழுத்தர் என் கார்டைத் தூக்கிப் பிடித்து, “ரோஸா? ஓரமா நில்லு. வார்டன் கையெழுத்து வாங்கியாந்தியா?” என்றார். பின்னால் என் வகுப்புப் பையன்கள் நின்றார்கள். அதுவரை அவர்களுக்கு நான் கடலூர்க்காரன், அவ்வளவுதான். எந்த விடுதி என்று தெரிந்தால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். மிச்சத்தை யாரும் கேட்கத் தேவையில்லை. மறுநாள் மதியம் சாப்பிடும்போது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

நூலை அங்கேயே வைத்துவிட்டு வந்தவன் பிறகு அந்தக் கவுன்ட்டருக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். இருநூற்றுப் பதினாலாம் பக்கம் வரை வந்தபோது அதை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். தேர்வு முடியும் வரை திரும்பி வரவில்லை. மிச்சப் பாதியை நான் படிக்கவே இல்லை.

சனிக்கிழமை சத்யா வந்தாள். கேட்டேன். “இப்பல்லாம் அட்டை இல்லப்பா, ஐடி கார்டுதான். என் நம்பருக்கு முன்னாடி ஒரு எக்ஸ் இருக்குது. கவுன்ட்டர்ல பாத்துட்டு, ‘எக்ஸா, அந்தாண்ட நில்லு, வார்டன் கையெழுத்து வேணும்’னாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் நான் போவல” என்றாள். அவளிடம் என் கதையை நான் சொன்னதே இல்லை மேடம். அன்றைக்குத்தான் சொன்னேன்.

நிறம் போய் எழுத்து வந்திருக்கிறது. அந்த எழுத்தை யார் வைத்தது?

பாலகுமார்

---

சிதம்பரம்
16.9.2025

அன்புள்ள பாலகுமார் சார்,

நான்தான் வைத்தேன்.

2011-இல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினோம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். ரோஸ் அட்டைக்காரர்களுக்கு என்ன குறி போடலாம் என்று கேட்டார்கள். எக்ஸ் போடுங்கள் என்றேன். யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அது வெறும் கணக்குக் குறி என்றுதான் பதினாலு வருடமாக நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஏன் ஏன் என்று கேட்கிறவள், இதைக் கேட்கவில்லை. உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

வார்டன் கையெழுத்து வேண்டும் என்ற உத்தரவைத் தேடினேன். இரண்டு நாள் கோப்புகளைக் குடைந்தேன். அப்படி ஓர் உத்தரவே கிடையாது! கேட்டால் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்தவரைக் கைகாட்டுகிறார்கள். முதலில் கேட்டவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

தலைமை நூலகரிடம் உங்கள் பெயர் சொல்லாமல் பேசினேன். அக்டோபர் முதல் தேதியிலிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி எண். எக்ஸ் இல்லை, கையெழுத்து இல்லை. சத்யப்பிரியாவிடம் சொல்வீர்களா?

அந்தப் பச்சை அட்டை நூலை எடுத்துப் போனது நானோ என்று பயந்து பழைய பேரேட்டைப் பார்த்தேன். நான் இல்லை. நூலைத் தேடினேன். செல்லரித்துப்போனதால் ஐந்து வருடம் முன்பு கழித்துவிட்டார்கள். இதையும் எழுத வருத்தமாக இருக்கிறது.

கார்த்யாயினி

---

செம்மங்குப்பம்
25.9.2025

மேடம்,

நீங்கள்தான் என்று எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எழுதினீர்கள். கோபம் வந்தது. அதைவிட மரியாதை வந்தது.

சத்யாவிடம் சொன்னேன். “எழுத்து போனா இன்னாப்பா? பாத்தவங்க மூஞ்சி அங்கியேதான இருக்கும்” என்றாள். உங்களிடம் கேட்கிறேன். அந்தக் கவுன்ட்டரில் யார் யார் உட்காருகிறார்கள்? ஏணியில் ஏறித் தூசு தட்டுவது யார்? ஆளை எடுப்பது உங்கள் கையில் இல்லை என்பீர்கள். யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதுமா இல்லை?

பாலகுமார்

---

சிதம்பரம்
30.10.2025

அன்புள்ள பாலகுமார் சார்,

தீபாவளி நல்லபடி கழிந்திருக்கும். ஒரு மாதம் பதில் போடாததற்கு நீங்கள் கேட்ட கேள்விதான் காரணம். அதைச் சும்மா படித்துவிட்டு மடித்து வைக்க முடியவில்லை.

எண்ணிப் பார்த்தேன். கவுன்ட்டரிலும் மேசையிலும் ஒன்பது பேர். என்னையும் சேர்த்து ஏழு பேர் கோயிலைச் சுற்றி நாலு வீதிக்குள் பிறந்தவர்கள். ஏணி ஏறுகிறவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர்கூட அந்த வீதிகளில் இல்லை. தினமும் பார்க்கிற முகங்கள்தான். ஆனால் இப்படி வரிசையாக எழுதிப் பார்த்ததில்லை.

அந்த ஆறு பேரில் புவனகிரி அய்யனாரும் ஒருவர். ஒன்பது வருடமாக நூல் அடுக்குகிறார். பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் அவர் நூலக அறிவியல் பட்டம் வாங்கியவர் என்று தெரிந்தது. “யாரும் கேக்கல மேடம்” என்றார். கவுன்ட்டருக்கு வாருங்கள் என்றேன். “வர்றேன். ஆனா மத்தவங்க ஒத்துக்குவாங்களா?” என்றார்.

ஒத்துக்கொள்ளவில்லைதான். “அப்ப நாங்க ஏணி ஏறணுமா?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். இப்போது வாரம் ஒரு முறை எல்லோரும் இடம் மாறுகிறோம். புதன்கிழமை நான் ஏணி ஏறினேன். தூசியில் தும்மல் ஜாஸ்தியாகி எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. எங்கள் வீட்டிலேயே முகம் சுளிக்கிறார்கள். போகட்டும்.

சத்யப்பிரியா இன்னும் வரவில்லை. கணினியில் தினமும் பார்க்கிறேன். தப்புத்தான், ஒருவரை இப்படி வேவு பார்க்கக்கூடாது. நாளையிலிருந்து பார்க்கமாட்டேன். வராவிட்டாலும் அது அவள் உரிமை. வற்புறுத்தாதீர்கள்.

அன்புடன்,
கார்த்யாயினி

---

செம்மங்குப்பம்
24.11.2025

அன்புள்ள கார்த்யாயினி மேடம்,

நான் வற்புறுத்தவில்லை. முந்தாநாள் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள் சத்யா. துப்பட்டா, தலை எல்லாம் ஈரம். பைக்குள் நாலு பிளாஸ்டிக் கவர் சுற்றி ஒரு புத்தகம் மட்டும் காய்ந்திருந்தது.

நான் வேதியியல் என்று நினைத்தேன். தேனீ வளர்ப்பு! “தேனீ எதுக்கும்மா உனக்கு?” என்று கேட்டேன். “சும்மாப்பா. அட்டை நல்லா இருந்திச்சு” என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றேன். மூன்று வருடம் அந்த அறையில் உட்கார்ந்தேன். தேர்வுக்கு வேண்டாத ஒரு பக்கத்தைக்கூட நான் புரட்டியதில்லை. சும்மா ஒரு நூலை எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கவுன்ட்டரில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். “ஒண்ணும் கேக்கல. ‘பதினாலு நாளு, முடிக்கலன்னா வந்து புதுப்பிச்சுக்கோ’ன்னாரு, அவ்ளோதான்” என்றாள். அய்யனாராகத்தான் இருக்கும். ராத்திரி அவள் தூங்கின பிறகு கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தேன். என் வீட்டுக்குள் அப்படி ஒரு சீட்டு வருவது இதுதான் முதல் தடவை. ராணித் தேனீயைப் பற்றி நாற்பது பக்கம் படித்துவிட்டேன். அவளுக்கு முன்னால் முடித்துவிடுவேன் போலிருக்கிறது.

இத்துடன் என் ரோஸ் அட்டையை வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பவேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்சிக்கு விடவும் வேண்டாம். உங்கள் மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். யாராவது புதுப் படிவம் கொண்டுவந்து, வசதிக்காக ஒரு குறி மட்டும் என்பார்கள். அன்றைக்கு இதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது வரிசை மின்விசிறி இப்போது ஓடுகிறதாம். சத்யா சொன்னாள்.

அன்புடன்,
பாலகுமார்