அடி அண்ணாமலையில் உன்னை இறக்கிவிட்ட நாள்

திருவண்ணாமலை,
14-8-1986

அன்பு மகள் தனத்துக்கு அப்பா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். இங்கே நான் நலம். இப்படி எழுதியே கை பழகிவிட்டது, மீதியைப் படி.

நீ விசாரித்திருந்த ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது என்று பதில் வந்துவிட்டது. முழங்கால் வலி பட்டாளத்தில் வந்ததல்ல, வயதால் வந்தது, அதுவும் இருபது சதவீதத்துக்குக் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் லாரி கவிழ்ந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போனால் லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, காலைத் துணியால் கட்டிக்கொண்டு வேறு வண்டி ஓட்டினேன். அதனால் கையில் ஒரு சீட்டும் இல்லை. போதாததற்கு, மெடிக்கல் போர்டில் டாக்டர் நடக்க முடியுதான்னு கேட்டதும் விறைப்பாக நின்று, பௌர்ணமி தவறாம மலை சுத்தறேன் சார்னு பெருமையடித்தேன். நுணலும் தன் வாயால் கெடும். விடியலில் கிளம்பினால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிறது என்பதை நான் சொன்னால்தானே! முன்பெல்லாம் உன் அம்மா வெந்நீர் வைத்துக் காத்திருப்பாள். இப்போது பூட்டையும் நானே திறக்கிறேன், வெந்நீரும் நானே வைக்கிறேன், ஜாஸ்தி வலிக்குதான்னு கேட்க ஆள் இல்லை.

ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். எங்கள் ரெஜிமென்ட்டில் கிளார்க்காக இருந்த அப்பாசாமி மனு எழுதித் தருகிறார். மேல முடிவு பண்றவங்க உன் காலைப் பார்க்க மாட்டாங்க காசி, காகிதத்தைத்தான் பார்ப்பாங்க, சண்டைக்கு முன்னாடியும் பின்னாடியும் உன்னைப் பார்த்தவங்க யாராவது எழுதித் தரணும்னார். பார்த்தவள் உன் அம்மா, அவள்தான் தையில் போய்விட்டாளே. மிச்சம் நீ ஒருத்திதான்.

சண்டைக்கு முந்தின லீவில், உனக்கு ஆறு வயது, உன்னைத் தோளில் வைத்தபடியே மலையைச் சுற்றினேன். அடுத்த லீவில் பாதி வழியில், அடி அண்ணாமலையிலேயே இறக்கிவிட்டேன். தூக்குப்பான்னு நீ மண்ணில் உட்கார்ந்து அழுதாய், வளந்துட்டம்மா, உன் கனம் தாங்கலைன்னு சொன்னேன். அன்று முழுக்க நீ என்னோடு பேசவில்லை. நீ கனக்கவே இல்லை தனம், கால்தான் தாங்கவில்லை. அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசிகள். ஐப்பசிக்குள் வேண்டும், மறந்துவிடாதே. தபாலில் வந்தாலே போதும் என்கிறார் அப்பாசாமி. நீ நேரில் கொண்டுவந்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா காசி