வெளிச்சத்துக்குப் பின் வந்த சத்தம்

செல்யாபின்ஸ்க்
16 பிப்ரவரி 2013, சனி இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் அல்சு எழுதுவது. போனில் அம்மா சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாத ஒன்று இருக்கிறது. அது அம்மாவுக்கே தெரியாது. அவள் தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் இது ஒன்றுதான். ரஷீத் மாமா நாளை ரயிலில் நீங்கள் வேலை பார்க்கும் எரிவாயு முகாமுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புவேன்.

சமையலறை ஜன்னலில் போர்வையை ஆணியடித்திருக்கிறோம். ஆனாலும் குளிர் வருகிறது. பக்கத்து வீட்டு ஃபைனா அத்தை, "எங்க வீட்டுக்காரரு பத்து வருஷமா ஜன்னலை மாத்துறேன் மாத்துறேன்னாரு. கடைசில வானமே வந்து மாத்த வச்சிருச்சு" என்றார். மாடிப்படியில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை நீங்கள் போனில் சொன்னீர்களே, "நாளைக்கு ராத்திரி ஒரு கல்லு பூமிக்குப் பக்கமா போகுது, இடிக்காது, கணக்குப் போட்டுட்டாங்க" என்று. தம்பி இல்னூர் அதை 'அப்பாவோட கல்லு' என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

வெள்ளி காலை அம்மா ரொட்டித் தொழிற்சாலைக்குப் போயிருந்தாள். எனக்கு மதிய வகுப்பு. ஒன்பதரை மணி இருக்கும், திடீர் வெளிச்சத்தில் சுவரெல்லாம் வெளுத்தன, நிழல்கள் தரையில் ஓடின. வானத்தில் புகைக்கோடு. "இல்னூர், ஓடி வாடா! அப்பாவோட கல்லு சீக்கிரமே வந்துருச்சு!" என்று நான்தான் கத்தினேன். கஞ்சியை விட்டுவிட்டு வந்தான். ஜன்னலோரம் நாற்காலியில் ஏற்றி நிறுத்தினேன். சத்தமே இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, புகைக்கோட்டைப் படம் பிடிக்க போனை எடுக்க உள்ளே போனேன். அப்போதுதான் பெரும் சத்தத்தோடு ஜன்னல் கண்ணாடி வெடித்தது.

கண்ணாடிச் சில்லுகளை அள்ள உதவிக்கு இன்று காலை எங்கள் இயற்பியல் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். இது வேறு கல்லாம். சூரியன் பக்கமிருந்து வந்ததால் யார் கண்ணிலும் படவில்லையாம். "மின்னலுக்கு அப்புறம் இடி வரும்னு நமக்குத் தெரியும், ஆனா நேத்து ஊரே ஜன்னல்லதான் நின்னுச்சு" என்றார். யாரும் பார்க்காத கற்கள் இன்னும் எத்தனை, மனிதர்களே மிஞ்சாத அளவுக்குப் பெரியது வருமா என்று கேட்டேன். பெருக்குவதை நிறுத்தாமல், "முன்னாடி, டைனோசர் காலத்துல வந்திருக்கு. எப்ப வரும்னு தெரியலம்மா" என்றார். அதை நினைத்தால் இன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இல்னூரின் வலது கண்ணில் கட்டு. பார்வை தங்குமா என்று திங்கட்கிழமை தெரியும். பிள்ளைகளைத் தனியாக விட்டுப் போனோமே என்று அம்மா தன்னையே திட்டிக்கொள்கிறாள். அவனோ, "நானாத்தான் போய்ப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் என் காதில் மட்டும், "அக்கா, நீ கூப்பிட்டியே, அது எவ்ளோ அழகா இருந்துச்சு" என்றான்.

நீங்கள் இதைப் படிக்கும்போது திங்கள் கடந்திருக்கும். கட்டைப் பிரிக்கும் முன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். கோபம் வந்தால் திட்டுங்கள், பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். நான் கூப்பிட்டால் இல்னூர் இனியும் ஓடி வர வேண்டும், அப்பா. அதற்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
அல்சு