என் தகப்பனார் இன்னும் சம்பளம் வாங்குவது பற்றி

கரம்பொன்,
17.02.1985

அனுப்புநர்: அ. மீனாம்பிகை, ஒன்பதாம் வகுப்பு மாணவி

பெறுநர்: உதவி அரசாங்க அதிபர் அவர்கள், ஊர்காவற்றுறை

பொருள்: என் தகப்பனார் உயிருடன் இல்லை என்பதைத் தெரிவித்தல்

மதிப்புக்குரிய ஐயா,

இம்மனுவை ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று முதலில் மன்றாடுகிறேன். என் பெரியப்பா இராசநாயகம் தங்கள் கந்தோருக்கு அடிக்கடி வந்து போகிறவர். பதிலும் அனுப்ப வேண்டாம். கடிதங்களை அவரே பிரிப்பார்.

1. என் தகப்பனார் வல்லிபுரம் அரியநாயகம் 1983 ஆடிக் கலவரத்தில், தென்பகுதியில் அவரும் பெரியப்பாவும் வைத்திருந்த கடைக்குள் எரிந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை. கண்டவர் பெரியப்பா ஒருவரே. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம் அச்சடித்து ஊருக்குக் கொடுத்தவரும் அவரே.

2. பெரியப்பா இப்போது இங்கே சுருட்டுக் கொட்டில் நடத்துகிறார். வரியைக் குறைக்கச் சம்பள இடாப்பில் வீட்டார் எல்லோரையும் வேலையாட்களாகப் பதிந்துள்ளார். தாயார் விடியற்காலை முதல் புகையிலை நரம்பு கிழிக்கிறார். நானூறு ரூபாய்க்குக் கையொப்பம் வைக்கிறார். ஒரு சதமும் கிடைப்பதில்லை. தகப்பனாருக்கு மேற்பார்வையாளர் என்று எழுநூறு ரூபாய். அவருக்காகக் கையொப்பமிடுபவள் நான். என் எழுத்து அவருடையதைப் போன்றது.

3. எனக்குச் சப்பாத்து வாங்கத் தாயார் காசு கேட்டார். "செத்தவனுக்கே மாசம் தவறாமல் சம்பளம் போடுறன். உமக்கென்ன குறை, பிள்ளை?" என்றார் பெரியப்பா. கொட்டிலில் எல்லோரும் சிரித்தார்கள். தாயாரும் சிரித்தார்.

4. மார்கழியில் தாயார் கலவரத்தில் இறந்தவர்களுக்கான நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தார். விசாரிக்க வந்தவருக்குப் பெரியப்பா இடாப்பைக் காட்டினார். "தம்பி கொழும்பிலை ஓடர் பிடிக்கிறான். அவன் காசு அனுப்பேல்லை எண்ட கோவத்திலை இவ சாக்காட்டிப்போட்டா" என்றார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் என் பதினாறு கையொப்பங்கள். வீட்டிலிருந்த கல்வெட்டுகளைப் பெரியப்பா அன்றே அடுப்பில் போட்டார். என் சமயபாடக் கொப்பிக்குள் இருந்த ஒன்றை இத்துடன் வைத்துள்ளேன்.

5. இடாப்பில் தை மாதக் கையொப்பம் வைக்கும்போது, அந்தக் கல்வெட்டைப் பார்த்த பழக்கத்தில், "அமரர் வ. அரியநாயகம்" என்று எழுதிவிட்டேன். பெரியப்பா சுருட்டு நெருப்பை என் இடது கையில் வைத்தார். "எழுதுற கை எனக்கு வேணும்" என்றார். அச்சொல்லின் மேல் கடதாசி ஒட்டியிருக்கிறார். விளக்குக்கு நேரே பிடித்தால் தெரியும்.

கள்ளக் கையொப்பத்துக்கு என்னைத் தண்டியுங்கள். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்து, என் தகப்பனார் இறந்துவிட்டார் என்று தாயாருக்கு எழுதித் தரும்படி தாழ்மையுடன் கேட்கிறேன். இருபத்தெட்டாம் திகதி சம்பள நாள். அதற்கு முன் வாருங்கள். அன்று நான் மறுபடியும் அவரை உயிரோடு இருக்க வைக்க வேண்டும்.

கீழே இருப்பது என் சொந்தக் கையொப்பம்.

கதவு தட்டப்படுகிறது. தாயார் தட்டுவதில்லை.

இப்படிக்கு,
அ. மீ