முப்பது என்று எழுதிய காலை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முட்டிவலி மட்டும் அவளைப் போலவே பிடிவாதம் பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? போனில் பேசினால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நீ வடதுருவத்தின் மேலே விமானம் ஓட்டிக்கொண்டு போனபோது ரேடியோ ஊமையாகிப் போனதே, அதில் என் தப்பும் இருக்கிறது. அன்று காலை எங்கள் சூரியப்புயல் எச்சரிக்கை அலுவலகத்துத் திரையில் சூரியனைப் பார்த்ததுமே இது வெடிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய கரும்புள்ளிக் கூட்டம், நம் பூமி பத்தை உள்ளே போடலாம், காந்தக் கோடுகள் சிக்கின நூல்கண்டு மாதிரி கிடந்தன. விமான நிறுவனங்களுக்குப் போகும் பத்து மணி அறிக்கையில் வெடிக்க நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று போட்டிருக்க வேண்டும், முப்பது என்று போட்டேன். போன மாதம் நான் எச்சரித்து, விமானங்களெல்லாம் துருவத்தை விட்டு ஊரைச் சுற்றிப் போய், கடைசியில் சூரியன் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்கு அபாயச் சங்கு என்று பெயர். "பொண்ணு பறக்கற நாள்ல மட்டும் சாருக்கு சூரியன் கொதிக்குது" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தது உள்ளே தைத்துவிட்டது. மகளுக்காகப் பயப்படுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எண்ணைக் குறைத்தேன்.

பதினொன்றே காலுக்கு வெடித்தது. அரை மணியில் துருவத்தின் மேல் ரேடியோவை அடைத்துவிடும் துகள்மழை. உன் விமானத்தோடு தொடர்பில்லை என்று தகவல் வந்தது முதல் நாற்பத்தேழு நிமிஷம் நான் உட்காரவே இல்லை, யாரோ கொடுத்த டீயைக் கையிலேயே ஆறவிட்டேன். நீயாகவே உயரத்தைக் குறைத்து, தெற்கே திருப்பிப் பத்திரமாக இறக்கிவிட்டாய் என்று தெரிந்ததும் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் மேலதிகாரி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சிரிப்பாங்கன்னு நம்பரைக் குறைச்சா அப்புறம் நமக்கு எதுக்கு சார் ஒரு ஆபீசு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன், இனி நீ பறக்கும் நாட்களில் என் அறிக்கையை இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நல்லதுதான்.

அந்தக் கரும்புள்ளிக் கூட்டம் இன்னும் அடங்கவில்லை. சூரியனின் மேற்கு ஓரத்துக்கு நகர்கிறது, சூரியனின் காந்தக் கோடுகள் அங்கிருந்துதான் வளைந்து நம்மிடம் வருகின்றன, அங்கே வெடித்தால் துகள்கள் இன்னும் நேராக நம் பக்கம் வரும். வெள்ளிக்கிழமைக்கு எழுபத்தைந்து போட்டிருக்கிறேன், இந்தத் தடவை பக்கத்து மேசைக்காரரே இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். வெள்ளிக்கிழமை உனக்கு அதே பாதைதான் என்று அம்மா சொன்னாள். பிறகு நீ மாசமாக இருப்பதையும் சொன்னாள். "சொன்னா தரையில உக்கார வச்சிடுவாங்கம்மா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றாயாம். நான் முப்பது போட்ட அன்று அந்த விமானத்தில் நீ ஒருத்தி மட்டும் இல்லை என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும் கண்ணு. உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை, கெஞ்சுகிறேன். அந்தத் துகள்மழை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, வியாழக்கிழமைக்குள் உன் நிறுவனத்தில் சொல்லிவிடு. என் மேல் கோபமிருந்தால் அதை அப்புறம் காட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையுமின்றி நன்றாயிருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. சொல்லிவிட்டாய் என்று அம்மாவுக்கு இல்லை, எனக்கு ஒரு வரி அனுப்பு.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அப்பா